கோலனுக்குப் பின் ஓர் எழுத்து

என் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. கல்லூரியில் படிக்கும்போதே ஓரங்கள் இருட்டத் தொடங்கியிருந்தன. விழித்திரையில் கோளாறு, நிறுத்த மருந்து இல்லை, ஆனால் மெதுவாகத்தான் போகும் என்றார் டாக்டர். அவர் சொன்னபடியே மெதுவாகத்தான் போனது. அதற்குள் நான் படிப்பை முடித்தேன், ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தேன், வியாசர்பாடிக்காரர் ஒருவரைக் காதலித்து, வீட்டில் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவரையே கல்யாணமும் செய்துகொண்டேன். எங்கள் வீட்டார் தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ராயபுரத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்கிறவர்கள். அவர் துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ஏற்றிப்போகும் டிரெய்லர் ஓட்டுகிறவர். காலடிப்பேட்டையில் ஒரு மாடிப் போர்ஷன் பிடித்துக் குடியேறினோம்.

கம்பெனியில் திரையின் எழுத்துகளைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி, கடைசியில் ஒரு திரைக்கு ஒரு சொல் மட்டுமே பிடிக்கும் என்ற நிலை வந்தபோது வேலையை விட்டேன். அந்த வாரமே அண்ணன் வந்தான். கல்யாணத்துக்குப் பிறகு அவன் எங்கள் வீட்டுப் படி ஏறியது அதுதான் முதல்முறை.

"நீ எதுக்குட்டி கஷ்டப்படுத? கடைல வந்து இரி. போன் வந்தா எடுத்துப் பேசு, போதும்" என்றான்.

அன்பாகத்தான் சொன்னான். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவன் போன பிறகு, குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதேன்.

பிறகு ஒரு பயிற்சி மையத்தில் சேர்ந்து ஸ்க்ரீன் ரீடர் பழகினேன். திரையில் இருப்பதை வாய்விட்டு வாசிக்கும் மென்பொருள் அது. மெயில் படிக்க, செய்தி படிக்க, பாங்க் வேலை பார்க்க எல்லாம் சீக்கிரமே வந்துவிட்டது. புரோகிராம் எழுதுவதுதான் வரவில்லை. புரோகிராம் எழுதும் பெரிய மென்பொருள்களில் இடது பக்கம் ஒரு பட்டியல், கீழே ஒரு பெட்டி, நடுவில் வண்ண வண்ணமாக எழுத்து, மேலே திடீரென்று முளைத்து மறையும் குறிப்புகள். கண்ணுள்ளவருக்கு அதெல்லாம் வசதி. எனக்கோ, கூட்டம் நிறைந்த கல்யாண மண்டபத்தில் கண்ணைக் கட்டி விட்டதுபோல இருந்தது. யார் எங்கிருந்து பேசுகிறார்கள் என்றே தெரியாது.

பழைய கம்பெனியில் என் பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி ஒருத்தி அடிக்கடி போன் செய்வாள். அவள் புதிதாகச் சேர்ந்திருந்த இடத்தில், கப்பல் சரக்குக் கணக்குகளைச் சரிபார்க்கும் மென்பொருளை ஒரு ஃபங்க்ஷனல் மொழியில் எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வகை மொழிகளில் எல்லாமே ஃபங்க்ஷன்தான். ஒன்றை உள்ளே கொடுத்தால் ஒன்று வெளியே வரும். நடுவில் எதுவும் நமக்குத் தெரியாமல் மாறிவிடாது.

"இதுக்கு இன்டர்பிரெட்டர் ஒண்ணு இருக்குடி. ஒரு வரி அடிச்சா ஒரு வரி பதில் சொல்லும். அதோட முடிஞ்சுது. பக்கத்துல பெட்டி கிட்டி எதுவும் கிடையாது. உனக்குச் சரியா வரும்னு தோணுது. பழகு, இங்க ஆள் எடுக்கும்போது சொல்றேன்" என்றாள்.

அன்று மாலையே இறக்கி நிறுவினேன். திறந்தேன். ஸ்க்ரீன் ரீடர் ஒரு வார்த்தை பேசவில்லை. எதை அடித்தாலும், நான் அடிக்கும் எழுத்தை மட்டும் சொல்லிவிட்டு ஊமையாகிவிட்டது. கணிப்பொறி பதில் சொல்லியிருக்கிறது என்பது நிச்சயம். என்ன சொன்னது என்பதுதான் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் முற்பகல், என் கணவர் எண்ணூர் நெடுஞ்சாலையில் டிரெய்லர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார். துறைமுக கேட்டுக்குள் போக வண்டிகள் மணிக்கணக்கில் நிற்பது அங்கே வழக்கம். இன்ஜினை அணைத்துவிட்டு டீ குடிப்பார்கள், கேபினில் படுத்துத் தூங்குவார்கள், சீட்டாடுவார்கள். நான் வீடியோ கால் போட்டு, போனைப் பிஸ்கட் டின் ஒன்றின்மேல் சாய்த்து வைத்தேன்.

"ஸ்க்ரீன் தெரியுதாப்பா?"

"உன் மோவாக்கட்டைதான் தெரியுது. கொஞ்சம் திருப்பு. இன்னும். ஆங், தோ வந்துடுச்சி."

"நான் இப்ப ஒண்ணு அடிக்கிறேன். கீழ என்ன வருதுன்னு படி."

ஒரு சொல்லை அடித்து என்டர் தட்டினேன்.

அவர் எழுத்துக் கூட்டினார். "வே-ரி-யபிள்... நாட்... இன்... ஸ்கோப்பு." சற்று நிறுத்திவிட்டு, "இன்னாமே இது, எடுத்த எடுப்புலயே உனக்கு ஸ்கோப்பு இல்லங்குது?" என்றார்.

அந்தப் பெயரில் எதுவும் தனக்குத் தெரியாது என்று இன்டர்பிரெட்டர் சொல்கிறது, அவ்வளவுதான். வேலையை விட்ட பிறகு நான் சத்தம்போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. இருந்தாலும் சேர்ந்து சிரித்தார். பக்கத்து வண்டி டிரைவர் யாரோ என்ன மாமு என்று கேட்பதும், "வூட்ல கம்ப்யூட்டர் ஓட்டிகினு கீதுப்பா" என்று இவர் பதில் சொல்வதும் கேட்டது.

அப்படித்தான் எங்கள் பாடம் ஆரம்பித்தது. இன்டர்பிரெட்டரிடம் இரண்டு விதமாகப் பேசலாம். கணக்கை அப்படியே அடித்தால் விடை சொல்லும். இன்டர்பிரெட்டருக்கே ஒரு வேலை ஏவவேண்டுமென்றால், முதலில் கோலன், அதாவது மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, போட்டு, பின்னால் ஓர் எழுத்து அடிக்கவேண்டும். கோலன் எல் என்றால் கோப்பை ஏற்று. கோலன் கியூ என்றால் மூடிக்கொள். நான் அதிகம் அடித்தது கோலன் டி. அது வகையைக் கேட்பது. ஒரு ஃபங்க்ஷனின் பெயரைப் பின்னால் எழுதினால், அது எதை வாங்கும், எதைத் திருப்பித் தரும் என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அந்த ஒரு வரியை அவர் எனக்குப் படித்துக்காட்ட வேண்டும்.

"பிராக்கெட்டு. ஏ. அப்பால ஒரு மைனஸு, அத்த ஒட்டினாப்ல வாயத் தொறந்துகினு ஒண்ணு கீது. அப்பால பி. பிராக்கெட்டு மூடிடுச்சி."

"வாய் எந்தப் பக்கம் திறந்திருக்கு?"

"மைனஸ் பக்கமாத்தான்."

"அது அம்புப்பா. ஏ-லேர்ந்து பி-க்குப் போகுது."

"அம்புன்னே சொல்லிடறேன் இனிமே."

அடுத்தடுத்த நாட்களில் அவர் வேகமாகப் படிக்கப் பழகிவிட்டார். அம்பு, சதுர பிராக்கெட்டு, இரட்டைக் கோலன் என்று தயங்காமல் சொல்வார். வகை பொருந்தாதபோது வரும் பிழைச் செய்தி நீளமானது. எதிர்பார்த்த வகை இது, வந்து சேர்ந்த வகை அது, இரண்டும் பொருந்தவில்லை என்று அது சொல்லும். முதல்முறை அதைக் கஷ்டப்பட்டுப் படித்து முடித்ததும் என்ன அர்த்தம் என்று கேட்டார். சொன்னேன்.

"உங்க வூட்ல நம்ம கல்யாணத்துக்கு வுட்ட அதே டயலாக்கு" என்றார்.

வரிசை நகர்ந்தால் போனை வைத்துவிடுவார். அதில் கண்டிப்பாக இருப்பார். ஒரு வரியின் பாதியில் இருந்தாலும், "வண்டி நவுருது" என்று சொல்லி வெட்டிவிடுவார். மீதிப் பாதியை நானே ஊகிப்பேன். அந்த ஊகம் எனக்கு நல்ல பயிற்சியாக இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

ஒருநாள் மத்தியானம் நான் எழுதிய ஃபங்க்ஷன் தவறான விடை தந்தது. கோப்பைத் திறந்து திருத்தினேன். திரும்ப ஓட்டினேன். அதே விடை. வேறு மாதிரி திருத்தினேன். அதே விடை. அவர் படிப்பதில்தான் தப்போ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"சரியாப் பார்த்துப் படிப்பா."

"கண்ணு முன்னாடி கீறதத்தான்மே படிக்கிறேன். ஏழு. ஏழுன்னுதான் போட்டுகீது."

குரலில் கோபம் வந்திருந்தது. வெயிலில் கேபின் கொதித்துக்கொண்டிருந்திருக்கும். நானும் கோபத்தில் போனை வைத்துவிட்டேன். முகம் கழுவி, சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் பொறி தட்டியது. கோப்பைத் திருத்தினால் மட்டும் போதாது. இன்டர்பிரெட்டர் பழையதையே மனதில் வைத்துக்கொண்டிருக்கும். கோலன் ஆர் அடித்து, மறுபடி படி என்று சொல்லவேண்டும். கையைக் கழுவிவிட்டு வந்து கோலன் ஆர் அடித்து, ஃபங்க்ஷனை மறுபடி ஓட்டினேன். அவரைக் கூப்பிட்டு, போனைத் திரைப்பக்கம் காட்டினேன்.

"ஓகே, ஒன் மாட்யூல் லோடட்" என்று படித்தார். அப்புறம், "தோ, பன்னெண்டு ஆயிடுச்சி" என்றார்.

தோழியிடம் ஸ்க்ரீன் ரீடர் ஊமையாகிவிடும் விஷயத்தைச் சொன்னபோது, அவள் தன் கம்பெனியில் யாரையோ விசாரித்து வந்து ஒரு யோசனை சொன்னாள். கட்டளை அடிக்க நான் திறந்துகொண்டிருந்த புது மாதிரி ஜன்னலை விட்டுவிட்டு, விண்டோஸின் பழைய கறுப்பு ஜன்னலுக்குள் இன்டர்பிரெட்டரைத் திறந்து பார்க்கச் சொன்னாள். திறந்தேன். கோலன் டி போட்டு ஒரு பெயரை அடித்தேன். ஸ்க்ரீன் ரீடர் மடமடவென்று முழு வரியையும் வாசித்தது. நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு எனக்குத் தெரிந்த ஃபங்க்ஷன்களின் பெயரையெல்லாம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது.

அன்று அவருக்குப் போன் செய்ய மறந்துவிட்டேன். மாலையில் அவரே கூப்பிட்டார்.

"இன்னா, போனே காணோம்? உடம்பு சரியில்லியா?"

"அதுவே படிக்குதுப்பா. இன்னிக்குக் காலையிலேர்ந்து."

"நல்லதாப் போச்சி" என்றார். பிறகு, "எங்க, பேசச் சொல்லு கேட்போம்" என்றார்.

போனை ஸ்பீக்கர் அருகில் வைத்து ஒரு வரி அடித்தேன். நான் பழகியிருந்த வேகத்தில் அது ஆங்கிலத்தில் பொரிந்து தள்ளியது.

"இன்னாமே இது, கும்மிடிப்பூண்டி ஃபாஸ்ட்டு மாதிரி நிக்காமப் போவுது! இதுல உனக்கு இன்னா புரியுது?"

"எல்லாம் புரியுது."

"அப்ப சரி" என்றார். வீட்டுக்கு வரும்போது எண்ணூரிலிருந்து நெத்திலி வாங்கி வந்தார். தன் வேலை போனதில் அவருக்கு ஒரு சின்ன வருத்தம் இருந்தது என்று எனக்குத் தெரியும். கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பதால் கேட்கவில்லை.

ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இன்டர்பிரெட்டர் ஒரு தூண்டு சொல்லைக் காட்டும். உன் முறை, அடி என்பதற்கான அடையாளம் அது. நீளமான அந்தச் சொல்லை ஸ்க்ரீன் ரீடர் ஒவ்வொரு தடவையும் முழுக்க வாசித்து உயிரை வாங்கியது. கோலன் செட் என்ற கட்டளையால் அதை மாற்றலாம் என்று தெரிந்ததும், ஆங்கில எழுத்தில் "சொல்லு" என்று வைத்தேன். இயந்திரம் அதை "ஸாலு" என்றுதான் உச்சரித்தது. அப்படியே விட்டுவிட்டேன். கடைசியாக வந்த விடைக்கு இன்டர்பிரெட்டர் "இட்" என்று தானாகவே பெயர் வைத்துக்கொள்ளும். முன்பு சொன்னாயே, அது, அதை இரண்டால் பெருக்கு என்று கேட்டால் பெருக்கித் தரும். திரையைத் திரும்பிப் பார்க்க முடியாத எனக்கு, சொன்னதை நினைவில் வைத்திருக்கும் இந்தக் குணம் மிகவும் பிடித்திருந்தது.

சில மாதங்கள் கழித்து தோழியின் கம்பெனியில் நேர்காணல் வந்தது. வீட்டிலிருந்தே, திரையை அவர்களுக்குக் காட்டியபடி செய்யவேண்டும். கேட்பவர் ஓர் ஆண், அவசரமில்லாத குரல். என் வலது காதில் அவர், இடது காதில் ஸ்க்ரீன் ரீடர். அன்று என் கணவர் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தார். கட்டில் ஓரத்தில் என் திரை தெரியும்படி உட்கார்ந்திருந்தார்.

கணக்கு இதுதான். கன்டெய்னர்கள் யார்டுக்குள் வந்த நேரமும் வெளியே போன நேரமும் கொடுக்கப்படும். அதிக நேரம் தங்கியது எது என்று சொல்லவேண்டும். நான் சின்னச் சின்ன ஃபங்க்ஷனாக எழுதி, ஒவ்வொன்றையும் கோலன் டி போட்டுக் கேட்டு, ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனேன். ஓரிடத்தில் ஓர் அடைப்புக்குறியை விட்டுவிட்டேன். ஸ்க்ரீன் ரீடர் அதைச் சொல்லும் முன்பே இவருக்கு அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. தொண்டையைச் செருமினார். நான் திரும்பவில்லை. மறுபடி கட்டில் கிரீச்சிட்டது. கதவு மெதுவாகத் திறந்து, மூடியது. படிக்கட்டில் போய் உட்கார்ந்துகொண்டார். ஏன் எழுந்து போனார் என்று எப்போது கேட்டாலும், "என்னால அத்தப் பாத்துகினு சொம்மா இருக்க முடியாதும்மே" என்பார்.

அடைப்புக்குறியைச் சரிசெய்து, விடையையும் வரவழைத்தேன். கேட்பவர், "நல்லா இருக்கு. யார்டில் கன்டெய்னரே இல்லாத நாள்ல என்ன ஆகும்?" என்று கேட்டார்.

வெறும் பட்டியலைக் கொடுத்து ஓட்டினேன். இருப்பதிலேயே பெரியதைத் தேடப்போன ஃபங்க்ஷன், ஒன்றுமே இல்லாததைக் கண்டு விழுந்துவிட்டது. பிழைச் செய்தி என் இடது காதில் ஓடியது.

"இதை நான் யோசிக்கலைங்க" என்றேன்.

"சரி, இப்ப யோசிங்க. நேரம் இருக்கு."

விடை இருக்கலாம், இல்லாமலும் போகலாம் என்று சொல்ல அந்த மொழியில் தனியாக ஒரு வகை உண்டு. ஃபங்க்ஷன் திருப்பித் தருவதை அந்த வகைக்கு மாற்றி எழுதினேன். கோலன் ஆர். கோலன் டி. மறுபடி வெறும் பட்டியல். "நத்திங்" என்றது இயந்திரம். அவ்வளவுதான், விழவில்லை. அவர் நன்றி சொல்லி முடித்துக்கொண்டார்.

வேலை கிடைக்கவில்லை. வாரத்தில் பாதி நாளாவது அலுவலகத்துக்கு வரக்கூடியவராக வேண்டும் என்று மெயில் வந்தது. அலுவலகம் நகரத்தின் மறுகோடியில் இருந்தது. ரயில், பஸ், மறுபடி பஸ் என்று தனியாகப் போய்வர எனக்கு அப்போது துணிவில்லை. இரண்டு நாள் கணிப்பொறியைத் திறக்கவில்லை. அண்ணன் போன் செய்து கடைப் பேச்சை மறுபடி எடுத்தான். இந்த முறை வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவன், "சரி, ஞாயித்துக்கிழம அம்மாவக் கூட்டிட்டு வாரேன். மீன் கொழம்பு வையி" என்றான்.

மூன்றாவது நாள் நானே அந்த நேர்காணல்காரருக்கு மெயில் எழுதினேன். புரோகிராமை ஓட்டிப் பார்த்துக் குறை கண்டுபிடிக்கிற வேலை ஏதாவது இருந்தால், அதை வீட்டிலிருந்து செய்யலாம், பகுதிநேரமாக இருந்தாலும் போதும் என்று. இதை அனுப்பலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தேன். இவர்தான், "அனுப்பு. இன்னா, இல்லம்பாங்க. அத்தத்தான் ஏற்கெனவே சொல்டாங்களே" என்றார்.

இருக்கிறது என்று பதில் வந்தது. அப்படித்தான் உள்ளே போனேன். மற்றவர்கள் எழுதும் ஃபங்க்ஷன்களை ஏற்றி, வெறும் பட்டியல், எதிர்மறை எண், தலைகீழ்த் தேதி என்று யாரும் கொடுக்க நினைக்காததையெல்லாம் கொடுத்துப் பார்ப்பது என் வேலை. ஒரு வருடம் போல அப்படிச் செய்த பிறகு முழுநேரமாக எடுத்துக்கொண்டார்கள். இப்போது நானும் எழுதுகிறேன். என் எழுத்தில் வேறு யாரோ குறை கண்டுபிடிக்கிறார்கள்.

அதற்குள் என் பார்வையில் மிச்சமிருந்தது வெளிச்சம் எது, இருட்டு எது என்ற வித்தியாசம் மட்டும். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் சாயங்காலம், வேலை மும்முரத்தில் இருந்தேன். இவர் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் வாசலிலேயே நின்றார்.

"இன்னாமே, லைட்டு போடாம குந்திகினு கீற?"

"போட்டுத்தானே இருக்கேன்."

சுவிட்ச் சத்தம் கேட்டது. எனக்கு ஒன்றும் மாறவில்லை. மறுபடி சுவிட்ச், மறுபடி ஒன்றுமில்லை. சுவிட்ச் பக்கம் முகத்தைத் திருப்பிப் பார்த்தேன். பிறகு, "சரிப்பா, விடு" என்றேன்.

அவர் வந்து பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். மழை பெய்துகொண்டிருந்தது. வெளிச்சமும் தெரியாமல் போய்விடுமோ என்று நான் பயந்துகொண்டே இருந்த நாள் அது. ஆனால் வந்தபோது, அந்த அளவுக்குப் பயமாக இல்லை. துக்கம் இருந்தது, இப்போதும் சில வேளை இருக்கிறது. கொஞ்ச நேரம் கழித்து அவர் எழுந்து டீ போட்டார். டீயைக் குடித்துவிட்டு, பாதியில் நின்றிருந்த வேலையை முடித்து, கோலன் கியூ அடித்தேன்.

மறுநாள் காலை அவர் வழக்கம்போல வண்டிக்குக் கிளம்பினார். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டு வரலாமா என்று கேட்டார். அவசரமில்லை, சனிக்கிழமை போகலாம் என்றேன். பத்து மணி மீட்டிங்கில், நான் எழுதிய ஒரு ஃபங்க்ஷன் மிக மெதுவாக ஓடுவதாகத் தோழி புகார் சொன்னாள். நியாயமான புகார்தான். மாலை வரை அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.